பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு எப்படி வந்தது?

ஈசூன் மலர்
வணக்கம். இங்கே பல மாதமாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை. எங்கள் வீட்டில் ஒரு ஜோடி பட்ஜி பல மாதமாக வளர்க்கிறோம். ஊரில் லவ் பேர்ட்ஸ் என்போமே, அதுதான். ஆணும் பெட்டையும் நல்ல பச்சை, மஞ்சள் முகம், முதுகில் கறுப்புக் கோடு. முதல் ஈட்டில் ஐந்து முட்டை, நான்கு பொரிந்தன. மூன்று குஞ்சு அப்பா அம்மா மாதிரியே பச்சை. கடைசிக் குஞ்சுக்கு மட்டும் இறகு குருத்துவிடும்போதே நீலமாக வந்தது. இன்று 24ஆம் நாள். முகம் வெள்ளை, உடம்பு முழுக்க வான நீலம்.

கடைக்காரர் "ரெண்டும் சுத்தப் பச்சை" என்று சொல்லித்தான் விற்றார். அவர் ஏமாற்றிவிட்டார் என்று என் வீட்டுக்காரர் கடைக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். என் அம்மாவோ, நான் குடைமிளகாயும் சாய் சிம் கீரையும் நிறையப் போட்டதால் நிறம் மாறிவிட்டது என்கிறார். உயர்நிலை 3இல் படிக்கும் மகள் தினமும் காரணம் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் ரவி
மலர், முதலில் வாழ்த்துகள். முதல் ஈட்டிலேயே நான்கு குஞ்சை வளர்த்து எடுத்தது நல்ல ஜோடி.

கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பச்சைப் பறவைக்குள் நீலம் ஒளிந்திருந்தால் வெளியே ஓர் அடையாளமும் இருக்காது. 18 வருடமாக வளர்க்கிறேன், என்னாலும் பார்த்துச் சொல்ல முடியாது. வளர்ப்பவர்கள் இதை ஸ்பிளிட் என்போம். உங்களுடைய இரண்டும் 'பச்சை, ஸ்பிளிட் நீலம்'. அதற்கு அந்த நீலக் குஞ்சே சாட்சி.

பட்ஜியின் பச்சை இரண்டு விஷயம் சேர்ந்து வருவது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறவிட்டு நீலத்தைக் காட்டும். அதோடு இறகில் மஞ்சள் நிறமியும் இருப்பதால் நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சளை எடுத்துவிட்டால் உடம்பு நீலம், முகம் வெள்ளை. அதாவது நீல பட்ஜி மஞ்சள் நிறமியைச் செய்யத் தெரியாத பறவை. அந்த நிறமியைச் செய்யும் மரபணுவை 2017இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நீலப் பறவையில் அந்த நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. இத்தனை பெரிய நிற மாற்றத்துக்கு அந்த ஓர் எழுத்துப் பிழைதான் காரணம். இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

குஞ்சுக்கு அந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. ஒன்று ஒழுங்காக இருந்தாலே மஞ்சள் வந்துவிடும், பறவை பச்சையாக இருக்கும். இரண்டும் மாறியதாக வந்தால்தான் நீலம். அதனால்தான் அப்பாவும் அம்மாவும் இருவருமே ஸ்பிளிட் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

அம்மா சொல்வது கேனரிக்குப் பொருந்தும். சிவப்புக் கேனரிக்கு இறகு மாறும் காலத்தில் நிறமுள்ள தீனி கொடுத்தால்தான் சிவப்பு தங்கும். கிளி இனம் அப்படியில்லை, தன் மஞ்சளையும் சிவப்பையும் வளரும் இறகுக்குள்ளேயே தானே செய்துகொள்கிறது. சாய் சிம் தாராளமாகக் கொடுங்கள், உடம்புக்கு நல்லது.

ஜூரோங் சேகர்
ரவி அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் அப்பா காலத்திலிருந்து கேட்டு வந்தது ஒன்று உண்டு. பெட்டை முதலில் எந்த ஆணோடு சேர்ந்ததோ அதன் சாயல் பிந்திய குஞ்சுகளிலும் வரும் என்பார்கள். கடையில் அந்தப் பெட்டை ஒரு நீல ஆணோடு ஒரே கூண்டில் இருந்திருக்கலாம் இல்லையா?

ஓய்வு ஆசிரியை, தோ பாயோ
சேகர், நாய், குதிரை, புறா வளர்ப்பவர்களிடமும் இந்த நம்பிக்கை வெகுகாலம் இருந்தது. ஆனால் முந்திய ஆணின் மரபணு பெட்டையின் உடம்பில் தங்கிப் பிந்திய குஞ்சுக்குப் போவதில்லை. பறவைப் பெட்டையின் உடம்பில் விந்தணு கொஞ்ச நாள் உயிரோடு இருக்கும், அது உண்மை. அதனால்தான் ஆணை மாற்றினால் சில வாரம் இடைவெளி விட்டே சேர்க்கச் சொல்வார்கள். மலரின் ஜோடி பல மாதமாக ஒன்றாகவே இருப்பதால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

இன்னொன்றும் பாருங்கள். அப்பா வேறொரு நீலப் பறவை என்றே வைத்துக்கொண்டாலும், அம்மாவிடம் நீலம் இல்லாவிட்டால் குஞ்சு நீலமாக வராது. எப்படிப் பார்த்தாலும் பெட்டைக்குள் நீலம் இருக்கிறது.

ஜூரோங் சேகர்
அந்தக் கடைசி வரி புரிகிறது டீச்சர். நான் அப்படி யோசித்ததில்லை.

ஈசூன் மலர்
ரவி அண்ணா, டீச்சர், இருவருக்கும் நன்றி. மகளிடம் படித்துக் காட்டினேன். பள்ளியில் படித்த மெண்டலின் பட்டாணி இதுதான் என்று கட்டம் போட்டுக் காட்டினாள். நான்கில் ஒன்று நீலம் வரும் என்கிறாள், நமக்கும் சரியாக நான்கில் ஒன்றுதான் வந்தது. அப்படியானால் அடுத்த ஈட்டிலும் நான்கு குஞ்சு வந்தால் ஒன்று நீலமாக இருக்குமா?

ஓய்வு ஆசிரியை, தோ பாயோ
மகளின் கட்டம் சரி. ஆனால் அதை வாசிக்கும் விதத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். முப்பது வருடம் வகுப்பில் இதையே திருத்திக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கில் ஒன்று என்பது ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியாகப் பொருந்தும் கணக்கு. முதல் முட்டையில் என்ன வந்தது என்று இரண்டாவது முட்டைக்குத் தெரியாது. ஐந்து குஞ்சு பொரிந்தால், ஐந்துமே நீலமில்லாமல் போக என்ன வாய்ப்பு? முக்காலை ஐந்து தடவை பெருக்குங்கள். 1024இல் 243, ஏறக்குறைய 24 சதவீதம். அதாவது இதே ஜோடி ஐந்தைந்து குஞ்சாக நான்கு ஈடு எடுத்தால் அதில் ஓர் ஈடு முழுக்கப் பச்சையாகவே வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு முதல் ஈட்டில் அப்படி வந்திருந்தால் 'சுத்தப் பச்சை' என்றே நீங்களும் நம்பியிருப்பீர்கள். கடைக்காரரும் ஒருவேளை அப்படித்தான் நம்பினார்.

மகளிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். மூன்று பச்சைக் குஞ்சில் ஒன்றைக் கையில் எடுத்தால், அது நீலத்தைச் சுமக்கும் வாய்ப்பு எவ்வளவு? பாதி என்று சொல்வாள். பாதி இல்லை. பச்சை என்று தெரிந்துவிட்டதால் கட்டத்தில் நீலப் பெட்டியை அடித்துவிட வேண்டும். மிச்சம் மூன்று பெட்டி, அதில் இரண்டு ஸ்பிளிட். ஆக மூன்றில் இரண்டு.

தெம்பனிஸ் ரவி
டீச்சர் சொன்னதோடு வளர்ப்பவன் செய்வதையும் சேர்க்கிறேன். ஒரு பச்சைப் பறவை ஸ்பிளிட்டா என்று அறிய, ஒரு நீலத்தோடு சேர்ப்போம். ஒரு நீலக் குஞ்சு வந்துவிட்டால் அன்றே தெரிந்துவிடும். வராவிட்டால்தான் பொறுமை வேண்டும். ஸ்பிளிட்டாக இருந்தும் வரிசையாக ஆறு குஞ்சு பச்சையாகவே வர 64இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதனால் ஆறு பச்சை பார்த்தபிறகும் 'அநேகமாக இல்லை' என்றுதான் எழுதிவைப்பேன்.

எழுதிவைப்பது முக்கியம். கால் வளைய எண், பொரிந்த தேதி, அப்பா, அம்மா. நினைவை நம்பி நான் முதல் இரண்டு வருடம் வீணாக்கினேன்.

வாசு, புக்கிட் பாஞ்சாங்
அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு சிறுத்தைப் பல்லி என்றால் உயிர். லெப்பர்ட் கெக்கோ என்று சொல்வார்களே, அது. வெளிநாட்டுக் காணொளிகள் பார்த்தே அதன் நிறக் கணக்கு முழுக்கப் படித்துவிட்டேன். மேக் ஸ்னோ என்ற நிற வகையை அதே வகையோடு சேர்த்தால் நான்கில் ஒன்று சூப்பர் ஸ்னோ, இரண்டு மேக் ஸ்னோ, ஒன்று சாதாரணம். கறுப்பு நிறமி இல்லாத அல்பினோவில் டிரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்று மூன்று வகை, டிரெம்பரையும் பெல்லையும் சேர்த்தால் இரண்டும் அல்பினோவாக இருந்தும் குஞ்சு எல்லாம் சாதாரண நிறம். டெலிகிராமில் ஒருவர் இங்கேயே விற்பதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

தெம்பனிஸ் ரவி
வாங்காதே தம்பி. சிங்கப்பூரில் பல்லி, பாம்பு, ஓணான் எதையும் செல்லப்பிராணியாக வைத்திருக்க அனுமதி கிடையாது. ஊர்வனவில் செங்காது ஆமையும் மலாயாப் பெட்டி ஆமையும்தான் விதிவிலக்கு. விற்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். தேசியப் பூங்காக் கழகம் இப்படிப் பிடிபட்ட சிறுத்தைப் பல்லிகளைப் பல தடவை பறிமுதல் செய்திருக்கிறது. அபராதமும் சிறையும் உன் படிப்புக்கு நடுவே வேண்டாம். பெட்டிக்குள் ஒளித்துக் கடத்தி வரும்போது அந்த உயிர் படும் பாடும் இருக்கிறது.

ஆனால் உன் கணக்கு சரியாக இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். டிரெம்பர், பெல் விஷயத்தைப் பிடித்துவிட்டாயே, அது நிறையப் பேருக்குப் புரியாது. இரண்டு வேறு இடத்தில் பழுது, ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது.

ஓய்வு ஆசிரியை, தோ பாயோ
வாசு, நீ படித்த பல்லியில் ஒரு பாடம் எல்லாருக்கும் பொதுவானது. லெமன் ஃப்ராஸ்ட் என்ற நிறம் கேள்விப்பட்டிருப்பாய். பளிச்சென்ற வெண்மஞ்சள், அழகுக்காகப் பெரிய விலைக்குப் போனது. அந்த நிறம் கொண்ட பல்லிகளில் 80 சதவீதத்துக்கு மேல் தோலில் கட்டி வந்தது. 2021இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள் அதன் காரணத்தை ஸ்பின்ட்1 என்ற மரபணு வரை கொண்டு வந்தார்கள். நிறத்தைக் கொடுக்கும் அதே மாற்றம்தான் தோலுக்கு வெண்ணிறம் தரும் செல்களைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைத்தது. நிறத்தை மட்டும் தனியே பிரித்து எடுக்க வழியில்லை. எனிக்மா என்ற நிறத்துப் பல்லிகள் தலை சாய்ந்து வட்டமடிக்கும் கோளாறும் அதே மாதிரிதான். எந்த நிறம் வரும் என்று கணக்குப் போடுவதற்கு முன், அந்த நிறம் உடம்புக்குள் வேறு என்ன செய்கிறது என்று கேட்கப் பழகிக்கொள்.

வாசு, புக்கிட் பாஞ்சாங்
லெமன் ஃப்ராஸ்ட் படம்தான் என் கைத்தொலைபேசியில் முகப்புப் படம். இது தெரியாது டீச்சர். அந்த டெலிகிராம் ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

(மூன்றரை மாதம் கழித்து)

ஈசூன் மலர்
இதே இழையில் தொடர்கிறேன், மன்னிக்கவும். ஜோடிக்கு ஓய்வு கொடுத்து மறுபடி முட்டையிடும் பெட்டி வைத்தேன். ஆறு முட்டை, இதுவரை ஐந்து பொரிந்தன. இன்று காலை பொரிந்த குஞ்சுக்கு மட்டும் கண் வேறு மாதிரி இருக்கிறது. மற்றவற்றுக்கு மூடிய இமைக்குள் கறுப்பாகத் தெரியும். இதற்குச் சிவப்பாகத் தெரிகிறது. நோயா? பயமாக இருக்கிறது.

தெம்பனிஸ் ரவி
பயப்படாதீர்கள், நோய் இல்லை. இது நல்ல புதிர். அம்மாவின் முதுகுக் கோடு கறுப்புதானே, பழுப்பு இல்லையே?

ஈசூன் மலர்
அழுத்தமான கறுப்பு.

தெம்பனிஸ் ரவி
அப்படியானால் இப்போதே ஒன்று சொல்கிறேன், இறகு முளைக்கும் முன்பே. அந்தக் குஞ்சு அநேகமாகப் பெண்.

காரணம் சொல்கிறேன். மனிதரில் ஆணுக்குத்தான் எக்ஸ், ஒய் என்று இரண்டு வேறு குரோமோசோம். பறவையில் அது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. பட்ஜியில் சிவப்புக் கண்ணும், பச்சைப் பறவைக்குக் கறுப்பில்லாத மஞ்சள் உடம்பும் தரும் இனோ மரபணு இசட்டில் இருக்கிறது. பெட்டைக்கு இசட் ஒன்றுதான் என்பதால் அதில் எது இருக்கிறதோ அது வெளியே தெரிந்துவிடும். பெட்டைக்குள் இனோ ஒளிந்திருக்க முடியாது. உங்கள் பெட்டை சாதாரணப் பச்சை, ஆக அதனிடம் இனோ இல்லை. ஆணிடம் ஓர் இசட்டில் ஒளிந்திருக்கிறது.

மகன் குஞ்சுக்கு அம்மாவின் நல்ல இசட் கட்டாயம் கிடைக்கும், அது காப்பாற்றிவிடும். மகள் குஞ்சுக்கு இசட் அப்பாவிடமிருந்து மட்டும்தான். அதனால் மகள்களில் பாதிக்குச் சிவப்புக் கண் வரலாம், மகன்களில் ஒன்றுக்குக்கூட வராது.

இரண்டு எச்சரிக்கை. இலவங்கப்பட்டை நிறம் என்று ஒன்று உண்டு, சின்னமன். அதன் குஞ்சுக்கும் முதல் சில நாள் கண் கருஞ்சிவப்பாக இருந்து அப்புறம் கறுத்துவிடும். அதுவும் இசட்டில் இருப்பதுதான், அதனால் அப்போதும் பெண்தான். ஃபாலோ என்ற வகையும் சிவப்புக் கண் தரும், அது இசட்டில் இல்லை, ஆனால் மிக அரிது. அதற்காகத்தான் 'அநேகமாக' என்றேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

வாசு, புக்கிட் பாஞ்சாங்
அண்ணா, இது பல்லியில் நடக்கவே நடக்காதே! சிறுத்தைப் பல்லிக்குப் பால் குரோமோசோமே இல்லை. முட்டை இருக்கும் வெப்பத்தைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா. 26, 27 டிகிரியில் பெரும்பாலும் பெண், 32 டிகிரிக்கு மேல் பெரும்பாலும் ஆண், இன்னும் கூட்டினால் மறுபடி பெண். அதனால் நிறத்தை வைத்துப் பாலைக் கண்டுபிடிக்க வழியில்லை. பறவையில் முடிகிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

தெம்பனிஸ் ரவி
அதேதான். பட்ஜிக் குஞ்சில் ஆண் பெண் பிரிக்க அலகுக்கு மேல் இருக்கும் மூக்குத்தோலைப் பார்ப்போம், வளர்ந்த ஆணுக்கு நீலம், பெட்டைக்குப் பழுப்பு. ஆனால் சின்னக் குஞ்சில் அதை நம்ப முடியாது. இனோ ஆணுக்கு வளர்ந்தபிறகும் நீலம் வராமல் இளஞ்சிவப்பாகவே நிற்கும். அதனால் வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே இனோ ஆணையும் பச்சைப் பெட்டையையும் சேர்ப்பதுண்டு. மகள் எல்லாம் மஞ்சள், மகன் எல்லாம் பச்சை. பொரிந்த அன்றே கண்ணைப் பார்த்துப் பிரித்துவிடலாம். அதையே திருப்பி, பச்சை ஆணுக்கு இனோ பெட்டையைச் சேர்த்தால் குஞ்சு எல்லாமே பச்சை. மகன்கள் அத்தனையும் ஸ்பிளிட். எது அப்பா, எது அம்மா என்பதில் இவ்வளவு இருக்கிறது.

மலர், முடிந்தால் கடைக்காரரிடம் அந்த ஆணின் அம்மா என்ன நிறம் என்று கேட்டுப் பாருங்கள். மஞ்சள் என்று சொல்வார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வு ஆசிரியை, தோ பாயோ
மலரின் மகளுக்கு ஒரு கணக்கு. இது இனோ என்றே வைத்துக்கொள். நீலம் அப்பா அம்மா இருவரிடமும் ஒளிந்திருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். இனோ கறுப்பு நிறமியை எடுத்துவிடும், நீலம் மஞ்சளை எடுத்துவிடும். இரண்டும் ஒரே குஞ்சில் சேர்ந்தால் மிச்சம் ஒன்றுமில்லை, சுத்த வெள்ளை, அதுதான் அல்பினோ. இறகு வருவதற்கு முன் விடையை எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடு.

ஈசூன் மலர்
மகள் எழுதிக் கொடுத்தது: "சிவப்புக் கண் என்று தெரிந்துவிட்டதால், மஞ்சள் நான்கில் மூன்று, வெள்ளை நான்கில் ஒன்று. முட்டையாக இருந்தபோது கேட்டிருந்தால் வெள்ளைக்கு 16இல் ஒன்று."

ஓய்வு ஆசிரியை, தோ பாயோ
முழு மதிப்பெண். இரண்டு கேள்வியையும் தனியாகப் பிரித்தாளே, அதற்குத்தான்.

ஜூரோங் சேகர்
நானும் ஒன்று கேட்கலாமா? என்னிடம் கரும்பச்சை ஆண், நீலம் ஸ்பிளிட். வான நீலப் பெட்டையோடு சேர்த்தேன். கரும்பச்சை, வெளிர்பச்சை, கோபால்ட் என்ற கருநீலம், வான நீலம் நான்கும் சமமாக வரும் என்று ஒரு செயலி காட்டியது. மூன்று ஈட்டில் 14 குஞ்சு: ஏழு வெளிர்பச்சை, ஆறு கோபால்ட், ஒரே ஒரு கரும்பச்சை. வான நீலம் ஒன்றுகூட இல்லை.

தெம்பனிஸ் ரவி
சேகர், உங்கள் பதிவேடுதான் சரி, செயலி இதைக் கணக்கில் எடுக்கவில்லை. கருமை தரும் மரபணுவும் நீல மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சேர்ந்தே பயணம் செய்யும். பிரிந்து மாறுவது ஏறக்குறைய 14 சதவீதம்தான். உங்கள் ஆணில் கருமை, நீலத்தோடு ஒரே பக்கம் ஒட்டியிருக்கிறது, இதை இரண்டாம் வகை என்போம். அதனால்தான் நீலம் வாங்கிய குஞ்சு கருமையையும் சேர்த்து வாங்கிக் கோபால்ட் ஆகிறது, பச்சை வாங்கியது வெளிர்பச்சையாகிறது. அந்த ஒரு கரும்பச்சை இடையில் பிரிந்து வந்தது. கருமை பச்சையின் பக்கம் இருந்தால் முதல் வகை, அப்போது கரும்பச்சையும் வான நீலமும்தான் நிறைய வரும். உங்கள் ஆணின் பெற்றோரில் ஒன்று மாவ் என்ற சாம்பல் நீலமாக அல்லது கோபால்ட்டாக இருந்திருக்கும்.

ஜூரோங் சேகர்
அதன் அப்பா மாவ். வாங்கும்போதே சொன்னார்கள்.

ஈசூன் மலர்
16ஆம் நாள். கண் இன்னும் சிவப்புதான், கறுக்கவில்லை. இறகுக் குருத்து இன்று விரிந்தது. மஞ்சள். கோடே இல்லாத முழு மஞ்சள். மகளுக்கு வெள்ளை வந்திருக்கலாம் என்று கொஞ்சம் ஆசை இருந்தது, ஆனாலும் பள்ளிக்குப் போகும் முன் பத்து நிமிடம் பெட்டியை விட்டு நகரவில்லை.

நேற்று என் வீட்டுக்காரர் அந்தக் கடைக்குப் போனார். அன்று சத்தம் போட்டதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் ஆணின் அம்மாவைப் பற்றிக் கேட்டார். கடைக்காரர் வளர்ப்பவருக்குத் தொலைபேசியில் பேசிக் கேட்டுச் சொன்னார்: மஞ்சள், சிவப்புக் கண். ரவி அண்ணா, பறவையைப் பார்க்காமலே சொன்னீர்களே!

தெம்பனிஸ் ரவி
உங்கள் வீட்டுக்காரர் போய்ப் பேசியதுதான் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒரு வேண்டுகோள். அந்த மஞ்சள் மகளை அவள் அப்பாவோடு சேர்க்காதீர்கள். குஞ்சுகளில் பாதி இனோவாக வரும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நெருங்கிய உறவுக்குள் சேர்த்தால் நமக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் பலவீனங்களும் ஜோடி சேர்ந்து வெளியே வரும். வெளியிலிருந்து ஓர் ஆண் வாங்குங்கள், அதுவும் அவளுக்கு ஒரு வயது ஆனபிறகு.

ஈசூன் மலர்
சரி அண்ணா. வருடம் இரண்டு ஈடுதான் என்று முடிவு செய்துவிட்டோம், எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அதற்கு மேல் இடமும் இல்லை. பெட்டியை எடுத்துவிடப் போகிறேன். முதல் ஈட்டுப் பச்சைக் குஞ்சு இரண்டுக்கு வீடு தேடுகிறேன், இரண்டும் ஆண், மூக்குத்தோல் நீலம் ஏறிவிட்டது. விலை வேண்டாம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

வாசு, புக்கிட் பாஞ்சாங்
அக்கா, எனக்குக் கொடுப்பீர்களா? அம்மாவிடம் கேட்டுவிட்டேன், பறவை என்றால் சரி என்றார். தனியாக இருந்தால் ஏங்கும் என்று படித்தேன், அதனால் இரண்டையுமே எடுத்துக்கொள்கிறேன். நீலம் ஒளிந்திருக்க மூன்றில் இரண்டு, அப்பாவின் இனோ ஒளிந்திருக்க இரண்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து இருக்க மூன்றில் ஒன்று. சரியா டீச்சர்?

ஓய்வு ஆசிரியை, தோ பாயோ
சரி. ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியாக.

ஈசூன் மலர்
சனிக்கிழமை மாலை வா தம்பி. அம்மாவையும் அழைத்து வா. கால் வளைய எண்ணும் பொரிந்த தேதியும் மகள் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள்.